முன்காலில் நின்றால் விரிசல் இல்லை

ஆர்டிஸ் லாம்பிரைட்டிடம் திட்டு வாங்குவதற்காக ஜனங்கள் எண்ணூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கோஷன் ஊர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. டெக்ஸாஸிலிருந்து வருகிறார்கள், ஃபுளோரிடாவிலிருந்து வருகிறார்கள். பின்னால் ஒரு முழு வீட்டை இழுத்துக்கொண்டு வந்து, அவள் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் முதலில் வண்டியின் கழுத்தைப் பார்ப்பாள். பிறகு ஆளைப் பார்ப்பாள். இரண்டில் எது மட்டம் என்று தீர்மானிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கழுத்து என்பது அவள் பார்வையில் அந்த வண்டிகளின் ஒரே உறுப்பு. ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் படுக்கையறை ஒரு கழுத்தைப் போல முன்னால் நீண்டு, பிக்கப் லாரியின் முதுகின் மேல் ஏறி உட்காரும். அந்தக் கழுத்துக்கு அடியில் ஒரு தடித்த இரும்பு முளை. ஓடும்போது வீட்டின் முன்பாரம் மொத்தமும் அந்த முளையில்தான் நிற்கும். லாரியைக் கழற்றிவிட்டால் வீடு தன்னுடைய இரண்டு இரும்பு முன்கால்களை ஊன்றிக்கொள்ளும். உள்ளே கணப்பு அடுப்பு, தோல் நாற்காலி, இரண்டு கதவுக் குளிர்பெட்டி, சலவைக்கல் மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் மேடை எல்லாம் இருக்கும். இவை அத்தனையையும் தாங்குகிற கழுத்தின் இரும்புச் சட்டம் மட்டும் பிஸ்கட் டப்பா கனத்தில் இருக்கும். வாங்குகிறவர்கள் கணப்பு அடுப்பைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். சட்டத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குனிய முடியாத வயதில்தான் அவர்கள் இதை வாங்கவே வருகிறார்கள்.

ஆர்டிஸுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் பத்தொன்பது வருடம், அதே ஊர்ப்பக்கத்தில், இதே வண்டிகளுக்குச் சட்டம் செய்கிற ஆலை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தாள். விடியுமுன்னே தொடங்கி மத்தியானம் இரண்டு மணிக்கு முடிகிற வேலை. இரண்டு மணிக்கு ஆலை வாசல்கள் திறந்தால் கார் ஓட்டுவதே பாவம் என்கிற ஆமிஷ் மதப்பிரிவுக்காரர்கள் சைக்கிளிலும் மற்றவர்கள் லாரியிலும் சாலையை அடைத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் மேற்பார்வையாளர் ஒருவன் அவள் பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தான்.

"சதுரக் குழாய்க்கு நாலு பக்கமும் எதுக்குப் பத்த வைக்கிற? ரெண்டு பக்கம் போதும். மிச்சத்தைப் பெயின்ட் பார்த்துக்கும்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். கையுறையையும் கொடுத்தாள். "இதையும் பெயின்ட் பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு மத்தியானம்கூட ஆகியிருக்கவில்லை.

புருஷன் என்று ஒருவன் இருந்தான், டுவேன் என்று பெயர். மோட்டார் ஹோம் விற்றான். மோட்டார் ஹோமை அவள் வண்டி என்றே ஒத்துக்கொண்டதில்லை. இன்ஜின் வைத்த சோபா என்பாள். டுவேனைப் பற்றிச் சொல்ல அவளிடம் அவ்வளவுகூட இல்லை. இப்போது தம்பி மெர்வின்தான் துணை. ஐம்பத்தேழு வயது. பேசமாட்டான். பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசிவிடுவதால் அவனுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை என்றும் சொல்லலாம்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பீஸ்லி தம்பதி வந்தார்கள். ஒஹையோவில் லைமா ஊர். கிளிஃபோர்ட் பீஸ்லி முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவர். மனைவி லோரெட்டா பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் இருந்தவர். இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த டிரெய்லரை வாங்கிப் பதினெட்டு மாதம் ஆகிறது. இனி இதுதான் வீடு. வேறு வீடு கிடையாது.

"முன்பக்கம் தரையும் சுவரும் சேர்ற தையல்ல மழைத்தண்ணி வருது மேடம்" என்றார் பீஸ்லி. "கம்பெனிக்கு மூணு தடவை கொண்டுபோனேன். மூணு தடவையும் பசை விட்டு அடைச்சுக் குடுத்தாங்க. பசைதான் விட்டுப் போச்சுன்னு சொல்றாங்க."

"நடுவுல நீங்களும் பசை வச்சீங்களா?"

பீஸ்லியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "மாசம் தவறாம வைப்பேன். பராமரிப்புல நான் ரொம்பக் கண்டிப்பு."

"அது தெரியுது. கல்யாணக் கேக் மாதிரி இருக்கு."

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். லாரியைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னாள். முன்கால்களை மட்டும் ஊன்றச் சொன்னாள். பிறகு பீஸ்லியைப் பார்த்து, "உள்ள போங்க. படுக்கையறைத் துணி அலமாரிக்குள்ள நுழைஞ்சு கதவைச் சாத்திக்குங்க" என்றாள்.

"நானா?"

"உங்க துணிதானே. கடிக்காது."

அவளுடைய வழி அதுதான். வாடிக்கையாளர் வீட்டு அலமாரிக்குள் அவள் நுழைய மாட்டாள். வீட்டுக்காரனைத்தான் அனுப்புவாள். தான் பார்த்துச் சொன்னால் அவன் நம்பமாட்டான், இன்னொருத்தனிடம் போய்க் கேட்பான், அந்த இன்னொருத்தன் பசை வைப்பான். அவனே இருட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் வாயை மூடிக்கொண்டு வெளியே வருவான். கழுத்தின் மூக்கு நுனியில்தான் துணி அலமாரி இருக்கும். சட்டம் அசைந்தால் சுவர் முதலில் தரையை விட்டுக் கிளம்புவது அங்கேதான்.

பீஸ்லி உள்ளே போனார். ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன தெரியுது?" என்று ஆர்டிஸ் வெளியிலிருந்து சுவரைத் தட்டிக் கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல மேடம். இருட்டு."

அவள் மெர்வினைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பக்கவாட்டுச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினான். முன்கால்கள் முனகிக்கொண்டு மேலே ஏறின. வீட்டின் பாரம் மெல்லக் கால்களை விட்டு முளைக்கு மாறியது. கழுத்துக்கு அடியில் எங்கேயோ எலும்பு சொடக்குவது போல ஒரு சத்தம்.

"இப்ப?"

உள்ளே ஹேங்கர்கள் மறுபடி இடித்துக்கொண்டன.

"பீஸ்லி, இப்ப என்ன தெரியுதுன்னு கேட்டேன்."

"ஒரு கோடு தெரியுது. வெளிச்சக் கோடு." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தம்பியோட சட்டை தெரியுது" என்றார்.

"என்ன கலர்?"

"நீலம்."

ஆர்டிஸ் மெர்வினைப் பார்த்தாள். நீலம்தான். "அப்ப அது பசை இல்ல, சட்டம். வெளிய வாங்க" என்றாள்.

லோரெட்டா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சரி பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

"பண்ணலாம். முன்முகத்தைக் கழற்றி, கழுத்தைத் திறந்து, கெட்டதை அறுத்து, புதுசா வெல்டிங் பண்ணணும். ஆனா நான் அறுத்தேன்னா கம்பெனி கைகழுவிடும். அவங்க ஆள் முதல்ல வந்து பார்த்து எழுதணும். அவன் எழுதினா வேலை அவங்க பொறுப்பு. எழுதலன்னா உங்க பொறுப்பு."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஆர்டிஸுக்குத் தெரியும். தங்கள் பொறுப்பில் செய்து கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை. கம்பெனி ஆள் எழுதினால் வீடு. எழுதாவிட்டால் சாலையில் ஓட்ட முடியாத, விற்கவும் முடியாத ஒரு பெரிய பெட்டி.

"யார் வருவாங்க?" என்றார் பீஸ்லி.

"ராண்டல் ஃபைக்" என்றாள் ஆர்டிஸ், வாயில் வந்த மயிரை எடுத்துப் போடுவது போல.

ராண்டல் ஃபைக் பதினொரு வருடமாகக் கம்பெனிக்காகப் பழுது பார்வையிடுகிறான். நாற்பத்து நாலு வயது. அந்தப் பக்கத்து ஆள்தான். பள்ளியில் கூடைப்பந்து அணியில் இருந்தான். நாலு வருடமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அணியில் இருந்தது பொய்யில்லை, ஆடினது கிடையாது. வேலையிலும் அப்படித்தான். பார்வையிட வருவான், பார்க்க மாட்டான். பதினொரு வருடத்தில் அவன் ஒரு விரிசலைக்கூடக் கண்டதில்லை என்று ஆர்டிஸ் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நூடுல்ஸும் உருளைக்கிழங்கு மசியலும் பரிமாறுகிற சர்ச் விருந்துகளில்கூடச் சொன்னாள்.

வியாழக்கிழமை அவன் வந்தான். இஸ்திரி போட்ட பழுப்புக் கால்சட்டை, கம்பெனிப் பெயர் தைத்த சட்டை, அட்டையில் மாட்டிய படிவம். வந்ததும் லாரியைக் காட்டி, "இதைக் கழற்றணும் மேடம்" என்றான். "வண்டி தன் காலில், சமதளத்தில், ஓய்வா நிக்கணும். அப்பதான் அளக்கணும்னு புத்தகத்தில் இருக்கு."

"ஓய்வா நிக்கும்போது அது மூடிக்கும்டா. நீ படுத்திருக்கும்போது உன் இடுப்பு வலிக்காது. அதுக்காக இடுப்பு நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

"என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"பெஞ்சுல உட்கார்ந்தே இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

பீஸ்லி பயந்து போனார். ஆளைக் கோபப்படுத்தினால் எழுத மாட்டானே என்று அவருக்கு. ஃபைக்குக்குக் கோபம் வரவில்லை. பதினொரு வருடமாகத் திட்டு வாங்குகிற தொழில். அவனுக்குத் தோல் தடித்துவிட்டது. சட்டத்துக்குப் போட வேண்டிய கனம் அவன் தோலில் இருந்தது.

லாரியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் முன்கால்கள் தரையில் ஊன்றி நின்றால் போதும், லாரி சும்மா மாட்டியபடி இருக்கலாம் என்று ஃபைக் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டது பெருந்தன்மையால் இல்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது.

"எதை வச்சு அளப்ப?" என்றாள் ஆர்டிஸ்.

அவன் சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்தான். "இது இடுக்குல நுழையலன்னா அது இடுக்கே இல்ல. கம்பெனி விதி."

ஆர்டிஸ் அதை வாங்கி இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். "ஃபைக், இது அட்டையா பலகையா? இதை வச்சு வீட்டுக்குக் கூரை போடலாம் போலிருக்கே."

"நல்ல அச்சகத்துல அடிச்சது" என்றான் ஃபைக். அவன் பெயருக்குக் கீழே வாடிக்கையாளர் நிம்மதிப் பிரிவு என்று பொன்னிறத்தில் போட்டிருந்தது.

ஃபைக் அலமாரிக்குள் மண்டியிட்டான். லோரெட்டாவின் கோட்டுகள் அவன் தலைமேல் தொங்கின. போர்வை போட்டு மூடியிருந்த ஏதோ ஒரு பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தரையும் சுவரும் சேர்கிற மூலையில் கார்டை வைத்து அழுத்தினான். லோரெட்டா படுக்கையறை வாசலில் நின்று அவனுக்கு டார்ச் பிடித்தார். ஆர்டிஸ் வெளியில் சுவரோரம் நின்றாள். சுவர் அத்தனை மெல்லிசு. உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும்.

"போகல பாருங்க. நுழையவே இல்ல."

"நல்லா அழுத்திப் பாரு."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன் மேடம். கை வலிக்குது. நுழையல."

"அப்படியே அழுத்திக்கிட்டே இரு. விடாத."

மெர்வின் பொத்தானை அழுத்தினான். கால்கள் ஏறின. பாரம் முளைக்கு மாறியது. உள்ளே "ஏய்" என்று ஒரு சத்தம், பிறகு நெற்றி சுவரில் மோதுகிற சத்தம். கார்டு பாதிக்குமேல் இடுக்கில் போய்விட்டது. ஃபைக் சுதாரிப்பதற்குள் மெர்வின் கால்களை மறுபடி இறக்கினான். இடுக்கு மூடிக்கொண்டது.

ஆர்டிஸ் சுவரைத் தட்டினாள்.

"என்ன ஃபைக், இடுக்கு இருக்கா?"

"இல்ல" என்றான் ஃபைக் உள்ளேயிருந்து. பழக்க தோஷம்.

"சரி. இல்லாத இடுக்குலேர்ந்து உன் கார்டை எடுத்துக்கிட்டு வெளிய வா."

அவன் இழுக்கிற சத்தம் கேட்டது. சட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. அது கார்டின் மூலை. மிச்சம் வரவில்லை. லோரெட்டா டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார். "ராண்டல் ஃபைக், வாடிக்கையாளர் நிம்மதிப் பிரிவு. ஏன் தம்பி, உங்க பேரு எங்க வீட்டுச் சுவத்துல மாட்டிக்கிச்சே. இனிமே வர்றவங்க எல்லாம் யாருன்னு கேப்பாங்களே. நான் என்ன சொல்றது?"

ஃபைக் வெளியே வந்தான். முழங்காலில் தூசி, நெற்றியில் சிவப்பு. படியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினான். கழுத்து இணைப்பில் அசைவு உண்டு, திறந்து பார்க்கலாம், குறை ஆலையுடையது என்றால் செலவு கம்பெனியுடையது, வீட்டுக்காரர் சட்டத்தில் கைவைத்திருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. கடைசி வரியைப் படித்தபோது பீஸ்லி எதற்கோ படுக்கையறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். ஆர்டிஸ் அதைக் கவனித்தாள். அவள் அதற்கு எந்த அர்த்தமும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எப்போதும் எங்கேயாவது பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

திங்கட்கிழமை திறந்தார்கள். ஃபைக்கும் கூட இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மடக்கு நாற்காலியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தான். மெர்வின் முன்முகத்தின் திருகுகளைக் கழற்றினான். பசைதான் நேரம் பிடித்தது. மாதம் தவறாமல் வைத்த பசை. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்ததில் ஒரு வாளி நிறைந்தது. அந்த வாளியைப் பார்த்தபடி பீஸ்லி நின்றார்.

சட்டம் வெளியே வந்தது. ஆர்டிஸ் கம்பித் தூரிகையால் பெயின்டைத் தேய்த்துவிட்டு விளக்கை அடித்தாள்.

வலது பக்கம், நிமிர்ந்து நிற்கிற குழாயும் கழுத்துக் குழாயும் சேர்கிற மூலை. நாலு பக்கமும் ஓட வேண்டிய வெல்டிங் இரண்டு பக்கம் ஓடியிருந்தது. அதிலும் ஒன்று இரும்பில் ஒட்டவே இல்லை. குருவி எச்சம் மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. நகத்தால் தள்ளினாள். ஒரு துண்டு பெயர்ந்து கையில் வந்தது. அதைக் கொண்டுபோய் ஃபைக்கின் படிவத்தின் மேல் வைத்தாள்.

"எழுதிக்கோ. இது உங்க ஆலை. பார்த்து மெதுவா எழுது, உடைஞ்சிடும்."

ஃபைக் எழுதினான்.

இடது பக்கம் விரிசல் இன்னும் நீளம். மோசமான வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கி, கழுத்துக் குழாயின் வயிற்றில் மயிரிழைபோல ஒரு சாண் ஓடியிருந்தது. ஆர்டிஸ் விளக்கை அதன் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள். விரிசல் சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் ஒரு துளை. சுண்டுவிரல் நுழையும் அளவு. ஆலைத் துளை இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக, கை டிரில்லில் போட்டது. துளைக்குள் ஒரு போல்ட்டின் வால் தெரிந்தது.

அவள் திரும்பிப் பீஸ்லியைப் பார்த்தாள்.

"அலமாரியில என்ன வச்சிருக்கீங்க?"

பீஸ்லி தொப்பியைக் கழற்றினார். "ஒரு இரும்புப் பெட்டி மேடம். பத்திரம், பாஸ்போர்ட், லோரெட்டாவோட அம்மா மோதிரம். திருடன் தூக்கிட்டுப் போயிடக்கூடாதேன்னு நாலு போல்ட் போட்டு முடுக்கினேன். மூணு வெறும் பலகையில இறங்கிச்சு. நாலாவது மட்டும் எதுலயோ கெட்டியா பிடிச்சிது. நான் சந்தோஷப்பட்டேன்."

"திருடன் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஆமா மேடம்."

"இந்த வீட்டுக்கே சக்கரம் இருக்கு பீஸ்லி. திருடன் லாரியைக் கொண்டுவந்து மாட்டினா பெட்டி, கட்டில், உங்க பல்செட்டு எல்லாம் சேர்ந்து போயிடும். அதுல பெட்டிக்கு மட்டும் போல்ட்."

லோரெட்டா கணவனைப் பார்த்தார். "இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன், கிளிஃப்" என்றார். படிவத்தின் கடைசி வரி எல்லோருக்கும் நினைவிருந்தது.

ஆர்டிஸுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு தடவையாவது அந்த அலமாரிக்குள் தலையை நீட்டியிருக்கலாம். வீட்டுக்காரனை அனுப்புவது, ஃபைக்கை அனுப்புவது, தான் வெளியே நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருப்பது. அந்த ஃபைக் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு மண்டியிட்டிருந்தவன். அவனும் அது என்னவென்று பார்க்கவில்லை.

ஃபைக் நாற்காலியை விட்டு இன்னும் எழவில்லை. அவன் இருந்த இடத்திலிருந்து துளை தெரியாது. ஒரு துணியைப் போட்டு மறைத்தாலும் போதும். மெர்வின் கையில் துணி இருந்தது. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

ஆர்டிஸ் துணியைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவள் அவள். "ஃபைக், இங்க வா. இங்க ஒரு துளை இருக்கு. இவரு போட்டது" என்றாள்.

லோரெட்டா கண்களை மூடிக்கொண்டார். பீஸ்லி தலையைக் குனிந்து தொப்பியைச் சுருட்டினார். ஃபைக் வந்து அவள் பக்கத்தில் குனிந்தான்.

"முழுசாக் கேளு" என்றாள் ஆர்டிஸ். "விரிசல் வெல்டிங்லதான் தொடங்கியிருக்கு. அது உங்களுது. ஓடிவந்து இந்தத் துளையில நின்னுபோச்சு. விரிசலோட நுனியில வட்டமா ஒரு துளை இருந்தா அது மேல ஓடாது. வேணும்னே நாங்க நுனியில துளை போட்டுத்தான் நிறுத்துவோம். இந்த மனுஷன் ஒண்ணும் தெரியாம, முட்டாள்தனமா, சரியான இடத்துல போட்டிருக்கார். இது இல்லேன்னா குழாய் எப்பவோ ரெண்டா பிளந்து, நெடுஞ்சாலையில வீடு லாரிமேல உட்கார்ந்திருக்கும். உங்க கம்பெனியைக் காப்பாத்தினதே இந்தத் துளைதான். உனக்குப் புரியாது. ஆனாலும் சொல்லிட்டேன்."

ஃபைக் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். விரலை நீட்டித் துளையின் பிசிறைத் தொட்டான். பிறகு நிமிர்ந்து, அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்தான்.

"எங்க இருக்கு துளை?" என்றான்.

"உன் விரலுக்குக் கீழ."

"எனக்குத் தெரியலயே மேடம்."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." அவன் அவளைப் பார்க்காமல் படிவத்தில் ஒரு கட்டத்தில் கோடு போட்டான். "பதினொரு வருஷமா நான் ஒண்ணையும் பார்த்ததில்லன்னு சர்ச் விருந்துல எங்கம்மா காதுபடச் சொன்னீங்க. இன்னிக்கு மட்டும் திடீர்னு எப்படிப் பார்ப்பேன்?"

அவன் கையெழுத்துப் போட்டு, மேல் தாளைக் கிழித்து, பீஸ்லியிடம் கொடுத்தான். வீட்டுக்காரர் மாற்றங்கள் என்ற இடத்துக்கு நேராக, இல்லை என்று இருந்தது. பீஸ்லி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஃபைக் தன் காருக்குப் போனான். வழியில் பசை வாளி காலில் இடித்தது. அதையும் அவன் பார்க்கவில்லை.

லோரெட்டா அழுதார். பிறகு சிரித்தார். மெர்வின் துணியை மடித்து வைத்தான். ஆர்டிஸுக்கு மட்டும் எதுவும் இளகவில்லை. பொய் எழுதியே பிழைத்தவன், நல்லது செய்யவும் அவனுக்குப் பொய்தான் கிடைத்தது. உண்மையை எழுதியே அந்தச் செலவைக் கம்பெனி தலையில் கட்டியிருக்கலாம். அதற்கு முதுகெலும்பு வேண்டும். வாதாட வேண்டும், மேலதிகாரியிடம் நிற்க வேண்டும். அதைவிட ஒரு கட்டத்தில் கோடு போடுவது சுலபம். நாலு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கடைசியில் எழுந்து நின்று தப்பான கூடையில் பந்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

நாலு நாள் வேலை. பழைய வெல்டிங் முழுவதையும் கிரைண்டரால் வழித்து எடுத்தாள். விரிசலை அடிவரை பள்ளம் பறித்து, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தாள். நாலு மூலையிலும் நாலு பக்கமும் பற்றவைத்தாள். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு. குழாயின் வயிற்றில் நீளத் தகடு. அதன் முனைகளைச் சதுரமாக விடாமல் சரிவாக வெட்டினாள். சதுர முனை என்றால் அடுத்த விரிசல் அங்கேயே தொடங்கும். முளையிலிருந்து இரண்டு பக்கச் சக்கர அச்சுக்கும் அளவுநாடா பிடித்து, சட்டம் கோணாமல் இரண்டு நீளமும் ஒன்றுதானா என்று மெர்வினைத் தனியாகவும் அளக்கச் சொன்னாள்.

துளைக்கு மேலே வரவேண்டிய தகடு கடைசியாக மிஞ்சியிருந்தது. அதைப் பட்டறை மேசையில் கவிழ்த்துப் போட்டு, எழுத்து அச்சுகளின் பெட்டியை எடுத்து, உள்பக்கமாக வருகிற முகத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்தாள். மெர்வின் வந்து எட்டிப் பார்த்தான்.

துளை: பீஸ்லி போட்டது. பார்த்தவர்கள்: ஆ. லாம்பிரைட், ரா. ஃபைக்.

"யார் படிக்கப் போறாங்க?" என்றான் மெர்வின். அந்த வாரத்தில் அவன் பேசியது அதுதான்.

"அடுத்தாப்ல அறுக்கிறவன்" என்றாள். தகட்டைத் திருப்பி இடத்தில் பிடித்து, முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முன்முகத்தை மாட்டி முடித்தார்கள். பீஸ்லி லாரியைப் பின்னால் கொண்டுவந்து முளையில் மாட்டினார். இந்தத் தடவை லோரெட்டா தானே அலமாரிக்குள் போகிறேன் என்றார். இரும்புப் பெட்டி அங்கே இல்லை. இப்போது கட்டிலுக்கு அடியில், ஒரு போல்ட்கூட இல்லாமல்.

மெர்வின் பொத்தானை அழுத்தினான். கால்கள் முழுக்க ஏறின. எலும்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"என்ன தெரியுது?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒண்ணும் தெரியல."

"நல்லா பாருங்க. கண்ணு பழகட்டும்."

சாலையில் ஒரு குதிரை வண்டி போய் மறைந்தது.

"கும்மிருட்டு" என்றார் லோரெட்டா உள்ளேயிருந்து. "என் கையே எனக்குத் தெரியல. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கலாமா?"

"அது உங்க வீடு" என்றாள் ஆர்டிஸ். பீஸ்லி நன்றி சொல்ல வாயைத் திறந்ததைப் பார்த்து, அவள் பட்டறைக்குள் போய்விட்டாள்.